பத்தில் ஒரு டப்பா

தி. நகரில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் கீழே சேலை, முதல் மாடியில் வேட்டி, அதற்கு மேலே தகரக் கூரை போட்ட மச்சில் ஐரோப்பியப் பட்டாளங்களின் சாப்பாடு. துறைமுகப் பக்கமிருந்து அப்துல் வஹீத் கொண்டுவந்த கம்பளி மூட்டைக்குள் ஒருநாள் பிரிட்டிஷ் பட்டாளத்து பிஸ்கட் டின் ஒன்று கிடந்தது. அண்ணாச்சி அதை மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமாதம் பிரெஞ்சுக்காரனுடையது கிடைக்குமா என்று கேட்டார். மூன்று வருஷத்தில் கண்ணாடி அலமாரி நிறைந்துவிட்டது. ஒரே சரக்கு இரண்டாம் தடவை வந்தால் அடையாற்றுப் பங்களாக்காரர்களுக்கு நல்ல விலைக்குப் போகும்.

இதில் வேடிக்கை, அண்ணாச்சி சுத்த சைவம். டப்பாவில் ஒட்டிய சீட்டைப் படித்துச் சொல்லும் அம்பியோ மயிலாப்பூர் பிராமணப் பிள்ளை. கடையில் கணக்கு எழுதுகிறவன். தமிழில் வந்த உலக நாவல்களை எல்லாம் படித்துத் தீர்த்து, மூலத்திலேயே படிக்கும் ஆசையில் சாயங்கால வகுப்பில் இரண்டு வருஷம் ஜெர்மன் படித்திருந்தான். அவன் மனசு பாதி நேரம் பனி மூடிய பதுங்குகுழியில்தான் குடியிருந்தது. டப்பாவைக் கையில் எடுத்தால் போதும், விரல்கள் சில்லிட்டுப் போவதாக நினைத்துக்கொள்வான்.

அண்ணாச்சியின் தகப்பனார் அரிசி மண்டி வைத்திருந்தவர். குத்தூசியால் மூட்டையைக் குத்தி மாதிரி பார்க்காமல் விலை பேசமாட்டார். அந்தப் பழக்கம் மகனுக்கும் இருந்தது. பத்து டப்பா வந்தால் ஒன்றைத் திறந்து ருசி பார்த்த பிறகுதான் மற்ற ஒன்பதுக்கும் விலை. ருசி பார்க்கிறவர் அய்யாதுரை. அண்ணாச்சியின் ஊர்க்காரர், கடையில் பார்சல் கட்டுகிறவர். "கடையில அளக்கிற கஜக்கோல் ஒண்ணுதான் நான் இன்னும் திங்கல" என்பார். ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி புஷ்பத்தின் முன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம் தொடவில்லை.

சாராயக் கடைகளை மூடிய வருஷம், ஐப்பசி மாதம், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வஹீத் பத்து டப்பாக்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். ஜெர்மன் பட்டாளத்துச் சரக்கு. பன்றி ஈரல் என்று அம்பி படித்துச் சொன்னான்.

"எனக்கு ஹராம், உங்களுக்கும் ஆகாது அண்ணாச்சி. யாருக்கு ஆகுமோ அவரே சொல்லட்டும் விலையை" என்று வஹீத் சிரித்தார்.

அய்யாதுரை ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மூடி உள்ளே போகவில்லை. "பூரி கணக்கா உப்பிக் கெடக்கே."

"நெறைய அடைச்சிருக்கான் வே" என்றார் அண்ணாச்சி. "வெள்ளைக்காரன் எடையில ஏமாத்தமாட்டான்."

கத்தியைக் குத்தியதும் டப்பா உஸ்ஸென்று மூச்சுவிட்டது. அய்யாதுரை முகர்ந்து பார்த்துவிட்டு அம்பியிடம் நீட்டினார். "ஒரு மாதிரி வாடை அடிக்கில்லா, அய்யரே? நான் ஆட்டு ஈரல் தின்னவன். இப்படி அடிக்காது."

அம்பி குனிந்து முகர்ந்தான். குடலைப் புரட்டியது. ஆனால் அவனுக்கு எந்த மாமிசமும் குடலைப் புரட்டும். கறிக்கடை இருக்கும் தெருவை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறவனுக்கு நல்ல வாடை எது, கெட்ட வாடை எது? அந்த நாற்றத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் படித்த கதைகளில் சிப்பாய்கள் டப்பாவைத் திறந்து முகம் சுளிப்பார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள், பிறகு தின்பார்கள்.

"அது ஆடு, இது பன்றி. அங்கெல்லாம் பாலாடைக்கட்டியே அழுகின வாடை அடிச்சாத்தான் நல்லதுன்னு சாப்பிடுவா. இது இப்படித்தான் இருக்கும்" என்றான்.

"படிச்சவன் சொன்னா சரி" என்று அய்யாதுரை பாதி டப்பாவைத் தின்றார். "உப்பு பத்தல. சீமைக்காரன் பொண்டாட்டிக்குக் கைப்பக்குவம் கிடையாது."

மணம் பாலாடைக்கட்டி போல, உப்பு குறைவு, விலை நாற்பது என்று அம்பி நோட்டில் எழுதினான்.

மறுநாள் காலை அய்யாதுரை படியேறி வந்து அவனை உற்றுப் பார்த்தார். "அய்யரே, ஒமக்கு எப்பம் ரெட்டைத் தலை மொளைச்சுது?" எல்லாரும் சிரித்தார்கள். பதினோரு மணிக்கு அவர் கண் இமைகள் தொங்கின. மத்தியானம் நாக்குக் குழறியது. வேட்டிப் பிரிவில் வேலை பார்க்கும் சர்தார், "இன்னா நைனா, காத்தாலயே ஏத்திக்கினு வந்துகீறியா?" என்று கேட்டான். அய்யாதுரை இல்லை என்று தலையாட்டினார். தலையும் நேராக நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "எங்கே குடிச்சார்?" அந்த வாரத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பார்வை கெட்டு அங்கே வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஓடிவந்த புஷ்பம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கட்டிலைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

அம்பி வாயைத் திறந்தான். அண்ணாச்சி அவன் மணிக்கட்டைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தார். "கப்பல் சரக்கு வே. கஸ்டம்ஸ்காரன் வந்தா கடைக்குப் பூட்டுதான். டாக்டருக்குத் தெரியாததா ஒமக்குத் தெரியப்போவுது? ராத்திரிக்குள்ள தெளிஞ்சிரும்."

அம்பிக்கு அப்பாவின் பூஜை அறை நினைவுக்கு வந்தது. பன்றி ஈரலை முகர்ந்து பார்த்து விலை எழுதுகிற பிள்ளை. அவன் மறுபடி உள்ளே போனபோது அய்யாதுரை தன் விரலால் ஒரு கண் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். வாயில் விட்ட தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ஏதோ சொல்ல முயன்றார். குடிகாரன் பேச்சுப் போலத்தான் இருந்தது.

"சத்தியம் பண்ணின வாயி" என்றாள் புஷ்பம். அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

அம்பி அன்று வீட்டுக்குப் போனான்.

விடிந்ததும் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு மச்சுக்கு ஏறினான். மீதிப் பாதியோடு அந்த டப்பா அலமாரியில் இருந்தது. துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். மூச்சு விட முடியாமல் விடியற்காலையில் போய்விட்டதாக நர்ஸ் சொன்னாள். சீட்டில் விஷச் சாராயம் என்று எழுதியிருந்தது. அம்பி பையைத் திறந்து காட்டினான். இளம் டாக்டர் ஒருவர் மூடியைப் பார்த்தார், முகர்ந்தார், சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கெட்டுப்போன டப்பா விஷம். முதலில் இமை, அப்புறம் நாக்கு, கடைசியில் மூச்சு. இதை முகர்ந்து பார்த்துமா தின்னார்?" என்றார்.

சாயங்காலம்தான் உடலைக் கொடுத்தார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வாசலில் நின்ற ஆட்கள், சத்தியம் பண்ணியும் குடித்துச் செத்தான் என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். புஷ்பம் அழவில்லை. அம்பி அவளருகில் உட்கார்ந்து டப்பாவை எடுத்து வைத்து நடந்ததைச் சொன்னான்.

அவள் முழுக்கக் கேட்டாள். "அப்பம் அவிய குடிக்கல."

"இல்ல."

"வாடை அடிக்குன்னு சொன்னாவளா?"

"சொன்னார்."

"பொறவு ஏன் தின்னாவ?"

"நான் நல்லதுன்னு சொன்னேன்."

"நீங்க ஒரு வாய் தின்னு பாத்தீயளா?"

"நான் சாப்பிடமாட்டேன்" என்றான் அம்பி. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதில் விழுந்தது.

புஷ்பம் அவனைத் திட்டவில்லை. டப்பாவை எடுத்தாள். அய்யாதுரையின் தலைமாட்டில் எரிந்த விளக்கை நகர்த்தி, அதற்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிகிறாற்போல் வைத்தாள். மழை ஈரத்தோடு அந்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. வாசலில் பேச்சு நின்றது. ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பெரிய ரோஜா மாலையோடு அண்ணாச்சி குனிந்து உள்ளே வந்தார். விளக்கைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், அம்பியைப் பார்த்தார். மாலை கையிலேயே நின்றது.

"போடுங்க அண்ணாச்சி" என்றாள் புஷ்பம். "மத்த ஒம்பதுக்கும் வெல வந்துட்டுல்லா?"