நான்கிலும் ஆணி

வாரத்தில் மூன்று நாள் ஐலாவின் டாக்சியில்தான் நான் டயாலிசிஸுக்குப் போய் வந்தேன். பின்லாந்தின் வடகோடியில் எங்கள் ஊருக்கு வேறு வழி கிடையாது. அக்டோபரில் ஒருநாள் திரும்பும்போது, குளிர்கால டயர் மாற்ற அவள் கொழுந்தன் நீலாஸின் கடையில் நிறுத்தினாள். நான் காபியோடு ஓரமாக உட்கார்ந்தேன்.

ஐஸில் வழுக்காமலிருக்க இரும்பு ஆணிகள் பதித்த டயர்களும் அங்கே இருந்தன; நீலாஸ் ஆணியில்லாத டயர் ஒன்றைத் தட்டிக் காட்டினான்.

“இதைப் போடுங்க அண்ணி. எந்தக் குளிர்லயும் ரப்பர் மெத்துனு இருக்கும். சத்தமே வராது. ஹெல்சின்கியில பாதிப் பேரு இதுதான்.”

“அவங்க ஹெல்சின்கியில ஓட்டுறாங்க. வெறும் பனியும் குளிரும்னா நானும் இதைத்தான் கேப்பேன். நம்ம ரோட்டுல நடுக்குளிர்காலத்துல கடல் காத்து வந்து மழையைக் கொட்டும். ஐஸ் மேல தண்ணி நின்னா ரப்பர் எதைப் புடிக்கும்? ஆணி வெச்சதை எடு.”

“சரி, முன்னாடி ரெண்டுக்கு மட்டும் ஆணி போடுறேன்.”

“முன்சக்கரம் புடிக்கும், பின்னாடி சுத்திக்கும். வெய்க்கோவை ஆத்துல எறக்கவா? நாலுக்கும் போடு,” என்று என்னைக் காட்டினாள்.

“டிராக்டர் மாதிரி கடகடனு போவீங்க. பாவம், அவரு காது போயிரும்.”

“கிட்னியே போன மனுஷன், காதைப் பத்தியா கவலைப்படப் போறாரு?”

நான் தலையாட்டினேன்.

ஆணிகள் ரப்பரில் பதிந்து உட்கார வேண்டுமென்று முதல் சில வாரங்கள் அவள் அவ்வளவு பதமாக ஓட்டியதில் எனக்கே பொறுமை போயிற்று.

ஜனவரியில் ஒரு காலை ஹெல்சின்கி ஆஸ்பத்திரியிலிருந்து போன். எனக்குப் பொருந்தும் சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, மதிய விமானத்தைப் பிடிக்க வேண்டும். வெளியே மழை விழுந்த இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டர் எழும்பாது என்றார்கள். ஐலாவை அழைத்தேன்.

“பல்லு தேய்ச்சுட்டு வாசல்ல நில்லுங்க,” என்றாள்.

செங்குத்தான ஏற்றத்தின் அடியில் ஒரு லாரி பாதிச் சாலையை அடைத்து நின்றது. பக்கத்துப் பள்ளத்தில் நீலாஸின் ஜீப். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து ஐலா கண்ணாடியை இறக்கினாள்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல. திரும்பிருங்க அண்ணி, யாராலயும் ஏற முடியல.”

“வெய்க்கோவுக்குக் கிட்னி வந்திருக்கு. தள்ளி நில்லு.”

இரண்டாம் கியரில் ஏறினாள். ஆணிகள் ஐஸைக் கொறிக்கும் சத்தம் காலடியில் கேட்டது. பாதியில் சக்கரம் வழுக்கியது. அவள் பிரேக்கைத் தொடவில்லை, வேகத்தைத் துளி குறைத்தாள், அவ்வளவுதான். ஆணி பிடித்தது. நான் மூச்சு விட்டபோது உச்சியில் இருந்தோம். கீழே நீலாஸ் இரண்டு கைகளையும் தூக்கிக் கத்துவது தெரிந்தது. ஐலா நீளமாக ஹாரன் அடித்தாள்.

மேட்டுக்கு அப்பால் மழையே இல்லை. விமானத்தில் கடைசியாக ஏறியவன் நான்.

மறுநாள், ஆபரேஷன் முடிந்து, படுக்கையிலிருந்து போன் செய்தேன்.

“ஐலா, புதுக் கிட்னி வேலை செய்யுது. ஒண்ணுக்குப் போறேன்.”

“நல்லாவா?”

“கட்டில்ல மாட்டின பை நெறையுது.”

அவள் ஊர்க் கடையில் நின்றிருக்க வேண்டும். போனைத் தள்ளிப் பிடித்து எல்லோருக்கும் சொன்னாள். கடையே கைதட்டியது எனக்குக் கேட்டது.