ஓஸ்வால்டின் ஊமைக்காயம்

அருவருப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்கள், டொமினிக் முட்டை அடிப்பதைப் பார்த்திருக்க வேண்டும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். பெங்களூர் அல்சூரில் என் எதிர்வீட்டு ஓஸ்வால்ட், பீன்யா பாக்டரியிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது எருமை மேல் மோதினான். ஹேண்டில்பார் வலது விலாவுக்குக் கீழே இடித்தது. எருமை அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டதற்குச் சாட்சிகள் உண்டு. ஓஸ்வால்ட் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வீடு வந்து சேர்ந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது.

"ஊமைக்காயம் மச்சான்," என்றான் டொமினிக். ஓஸ்வால்ட் மனைவியின் அண்ணன். கரடி மனை என்று கன்னடத்தில் சொல்லும் குஸ்திக்கூடத்தில் வாத்தியார். கழுத்து தலையைவிடப் பருமன் என்பதால் பனியனைக் கால் வழியாகத்தான் மாட்டுவான்.

பச்சை முட்டைகளை நல்லெண்ணெயில் உடைத்து ஊற்றி, விரலாலேயே அடித்தான். அந்த விரல் அதற்குமுன் எங்கே இருந்தது என்பது கர்த்தருக்கே வெளிச்சம். மச்சானின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினான்.

"இனி சூடா எண்ணெய் வெச்சு வயித்த நீவுனா, கட்டுன ரத்தம் கலைஞ்சிரும்."

நான் ஓஸ்வால்டை ஆட்டோவில் தூக்கிப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் என்றார்கள். நரம்பில் சாய மருந்து ஏற்றி, ராட்சச உளுந்து வடை போன்ற மெஷினின் ஓட்டைக்குள் அவனை நுழைத்தார்கள். அங்கேதான் முட்டை திரும்பி வந்தது. மஞ்சளாக, நூல் நூலாக, எண்ணெய் மிதக்க. அந்த நாற்றத்தில் சுவரிலிருந்த இரண்டு பல்லிகள் விழுந்தன. ஒன்று எழுந்திருக்கவே இல்லை.

"அய்யோ ராமா! ஏனப்பா, யாரு இதைக் குடிக்க வெச்சது?" என்று மூக்கைப் பொத்தினாள் டாக்டர் சுப்ரியா.

துடைத்து, கழுவி, மறுபடி எடுத்தார்கள். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினாள்.

"இது ஈரல். இந்தக் கறுப்புக் கோடு கிழிசல். சாயம் வெளியே கொட்டல, அதனால ரத்தம் இப்போதைக்கு நின்னிருக்கு. பிரஷரும் சரியா இருக்கு. அசையாம படுத்திருந்தா கத்தி வேண்டாம். ஆனா யாராவது வயித்த அமுக்கி அது திரும்பப் பிச்சுக்கிட்டா, பிழைக்கறது கஷ்டம்."

"கத்தியும் கிடையாது, நீவவும் கூடாது. அப்ப ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றான் டொமினிக்.

மறுநாள் நான் வார்டுக்குள் நுழைந்தபோது அவன் மச்சானின் சட்டையைத் தூக்கிவிட்டிருந்தான். உள்ளங்கையில் எண்ணெய். எண்ணெயில் ஒரு முடி, ஒரு செத்த கொசு.

"அங்கிள், சொல்லுங்க அங்கிள் இவன்கிட்ட," என்று முனகினான் ஓஸ்வால்ட்.

டாக்டர் சொல்லிக் கேட்காதவன் நான் சொல்லியா கேட்பான்? ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"நல்லா நீவுடா. என்ன, நேத்து ஏத்தின சாயம் இன்னும் அவன் தோலுக்கடியில இருக்கு. எண்ணெய் பட்டா உன் கைக்கு ஏறிடும். ஹெப்பகோடில ஒருத்தன் இப்படித்தான் அண்ணனை நீவினான். விடிஞ்சு பாத்தா ரெண்டு கையும் கண்ணாடி. எலும்பு, நரம்பு எல்லாம் தெரியுது. அவன் பஸ்ல கம்பியப் பிடிச்சா சீட்டுல இருக்கவங்க எறங்கி ஓடிடறாங்க."

"சும்னே கதை விடறீங்க."

"எனக்கென்னடா? உன் கை."

டொமினிக் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான். வார்டு திரையில் துடைத்தான், போதாமல் பக்கத்துக் கட்டில்காரர் போர்வையிலும் துடைத்தான்.

சாயங்காலம் டாக்டர் சுப்ரியா வந்து ஓஸ்வால்டின் வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள். டொமினிக் குறுக்கே பாய்ந்தான்.

"மேடம், தொடாதீங்க! நீங்க கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு!"

சிரித்தால் ஈரல் கிழிந்துவிடுமென்று ஓஸ்வால்ட் தலையணையைக் கடித்துக்கொண்டான். டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்த ஸ்கேன்வரை டொமினிக் கட்டில் காலடியிலேயே காவல் கிடந்தான். அதில் கிழிசல் சுருங்கியிருந்தது. ஓஸ்வால்டுக்குக் கத்தி தேவைப்படவில்லை. அத்தனை நாளும் டொமினிக் குளிக்கவில்லை. அந்த வார்டில் நாங்கள் எல்லோருமே செத்துப் பிழைத்தவர்கள்தான்.