இடப்பக்கப் பின்விளக்கு

ஓடெல் பிராக்ஸ்டன் எந்த நொறுங்கிய வண்டியையும் ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்த பின்னரே சங்கிலியிட்டுக் கட்டுவார். சுற்றும்போது தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், எவரோடும் பேசமாட்டார். வின்னஃபோர்டு கவுண்டி என்ற மாவட்டத்தில் முப்பத்தோர் ஆண்டுகளாக இழுவை வண்டி ஓட்டிவந்த அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சாலையில் சிதறிய கண்ணாடியைக் கடைசிச் சில்லுவரை தாமே பெருக்கி வாளியில் அள்ளுவார். பிற ஓட்டுநர்கள் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "அடுத்தவன் டயர் கிழிஞ்சா அதையும் நான்தானே வந்து இழுக்கணும்," என்பார்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு அவரைக் கோழியிறைச்சித் தொழிற்சாலைச் சாலைக்கு அழைத்தார்கள். மாலை முறைக்கு ஆள் மாறும் நேரம். தொழிற்சாலை வாயிலுக்கு இருநூறு அடி முன்பாக, வாய்க்காலின் சிமெண்டுக் குழாய்மேல் மோதி ஒரு பழைய பச்சைக் கார் மூக்கு குத்தி நின்றது. ஓட்டியவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது அவசரமின்றி, ஒலியெழுப்பாமல் சென்றதை ஓடெல் வரும் வழியிலேயே கண்டிருந்தார். முன்னிருக்கையில் ஒரு சோற்றுப் பெட்டியும், ரப்பர் காலணிகளும், தலைமுடி வலையும் கிடந்தன.

கவுண்டிக் காவல்துறையின் துணை ஷெரீப் மக்கீ தம் ரோந்துக் காரில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்காரின் முன்புறக் கறுப்பு இரும்புத் தடுப்பு ஒருபக்கமாக வளைந்திருந்தது. எதிரே உயிரோடு கோழிகளை ஏற்றிய லாரிகள் மூன்று காத்து நின்றன. வெயிலில் கோழிகள் கத்தின.

"சீக்கிரம் கெளப்பு, ஓடெல். கோழி செத்தா அதுக்கும் என்னையத்தான் கேப்பானுக."

ஓடெல் தொப்பியைக் கழற்றினார். காரைச் சுற்றி வந்தபோது இடப்பக்கப் பின்விளக்கின் முன் நின்றார். ரோந்துக் கார் இடித்த இடம் அதுதான். விளக்கின் விளிம்பில் கறுப்புச் சாயம் அப்பியிருந்தது. விளிம்பில் ஒட்டிய சில சில்லுகள் தவிரச் சிவப்புக் கண்ணாடி அங்கில்லை. முப்பது அடி பின்னால், சாலையில் இடித்த இடத்திலேயே கொட்டிக் கிடந்தது. உள்ளே பல்பின் கண்ணாடியும் அதே இடியில் உடைந்திருந்தது. இரண்டு இழைகள் மட்டும் நின்றன. வண்டியின் இரவு விளக்குக்குரிய மெல்லிய இழை பளபளவென்றிருந்தது. பிரேக்குக்குரிய தடித்த இழைமேல் வெள்ளைச் சாம்பல் பூத்திருந்தது.

காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் நொறுங்கிய வண்டிகளை நிறுத்திவைக்கும் கொட்டகைக்கு வந்து எத்தனையோ பல்புகளை அவரிடம் காட்டியிருக்கிறார்கள். அணைந்திருக்கும் பல்பு உடைந்தால் இழை பளபளப்பாகவே இருக்கும். எரியும் பல்பு உடைந்தால் காற்றுப் பட்ட நொடியில் இழை சாம்பலாகப் பூத்துவிடும். ஆகவே ரோந்துக் கார் வந்து இடிப்பதற்கு முன்பே காரோட்டியவன் பிரேக்கை மிதித்திருந்தான்.

"அங்க என்ன பாக்குற?" என்றார் மக்கீ.

"கண்ணாடி பெருக்கணும்."

"தரையில பெருக்கு. வண்டிக்குள்ள என்ன பெருக்கல்?"

ஓடெல் துடைப்பத்தை எடுத்தார்.

சனிக்கிழமை காலை வெர்னீஸ் கொட்டகைக்கு வந்தாள். இறந்த காரோட்டி ஜாரியஸ் அவளுடைய தங்கை மகன்; தாயில்லாப் பிள்ளையாக அவளிடமே வளர்ந்தவன். ஓடெல் செல்லும் தேவாலயத்துக்குத்தான் அவளும் செல்வாள். சோற்றுப் பெட்டியையும் காலணிகளையும் ஓடெல் ஒரு தாள்பையில் போட்டுக் கொடுத்தார்.

"போலீஸ் நீலவிளக்கப் போட்டதும் நின்னிருக்கலாம், பிரதர் ஓடெல். நானே சொல்றேன், நின்னிருக்கணும்," என்றாள். "லைசென்ஸ் ரத்தாகியிருந்துச்சு. பிடிச்சா ஒரு ராத்திரி உள்ள வெப்பான். அடுத்த நாள் வேலைக்குப் போகலைன்னா தொழிற்சாலையில பேரை அடிச்சுருவான். ஏற்கெனவே ரெண்டு தடவை தாமதம். மூணாவதுக்கு மன்னிப்புக் கெடையாது."

"தெரியும், சிஸ்டர்."

"அவன் பிரேக்கே போடலையாம். வாசல்ல நின்ன கூட்டத்துமேல ஏத்த வந்தானாம். அதனால இடிச்சோம்கிறான் அந்த மக்கீ. ரோந்துக் கார்ல இருந்த கேமராவும் அன்னைக்குன்னு பாத்து ஓடலையாம்." அவள் தாள்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தெனம் சோறு திங்கிற எடத்துமேல எவன் காரை ஏத்துவான்?"

சொல்லவேண்டிய சொல் ஓடெலின் நாக்குவரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளி கிளெட்டஸ் ஹார்பின் தொலைபேசியில் ஷெரீப் அலுவலகத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஓடெல் கதவைத் திறந்து அவளை வழியனுப்பினார்.

திங்கட்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கவுண்டி மன்றத்தில் கூட்டம். ஓடும் வண்டியைக் காவலர் தம் காரால் இடித்து நிறுத்தலாமா, கூடாதா என்பது பொருள். கிளெட்டஸ் தம் வண்டியிலேயே ஓடெலை அழைத்துச் சென்றார். கிளெட்டஸ் பள்ளிக்குச் செல்லும் சிறுவனாக இருந்த நாள் முதலே ஓடெல் அவரை அறிவார். வயதில் இளையவராயினும், அப்போதிருந்தே ஓடெலுக்கு அவர் 'மிஸ்டர் கிளெட்டஸ்'தான். வழியில் ஓடெல் அந்தப் பல்பைப் பற்றிச் சொன்னார். யாருடைய கொட்டகையில் வண்டி நிற்கிறதோ அந்த முதலாளிக்குத் தெரிவிக்காமல் மன்றத்தில் பேசுவது முறையன்று என்று அவர் கருதினார்.

கிளெட்டஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், மிஸ்டர் கிளெட்டஸ்."

மன்றம் நிரம்பியிருந்தது. பேச விரும்புவோர் வாசலில் இருந்த தாளில் பெயரெழுத வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். ஓடெல் பதினான்காவதாகத் தம் பெயரை எழுதினார். ஒருபுறம் காவலர் குடும்பத்தினர். மறுபுறம் தொழிற்சாலைப் பெண்கள், தேவாலய மக்கள். நடுவில் எவரும் உட்கார விரும்பாத ஒரு வரிசை வெறுமையாகக் கிடந்தது. ஓடெலும் கிளெட்டஸும் அதில் அமர்ந்தார்கள்.

ஷெரீப் அலுவலகத்தின் கேப்டன் ஸ்டாலிங்ஸ் முதலில் பேசினார்.

"ஓடுற கார்னா ரெண்டு டன் இரும்பு. அது பள்ளிக்கூடத்துக்குள்ள போகுமா, தொழிற்சாலைக்குள்ள போகுமான்னு என் ஆளு அரை நொடியில முடிவு பண்ணணும். நீங்க குளுகுளுன்னு உக்காந்து மூணு வாரம் யோசிப்பீங்க."

"உங்க கார் மட்டும் என்ன, பஞ்சுலயா செஞ்சது?" என்று பின்னிருந்து ஒரு குரல் கேட்டது.

"துரத்தாம விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஓடுவான்!" என்று காவலர் பக்கத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

"லைசென்ஸ் இல்லாததுக்கா மரண தண்டனை?"

"நிக்கச் சொன்னா நிக்கணும். அவ்வளவுதான் சட்டம்!"

தலைவர் சுத்தியலால் தட்டினார். இன்னும் பலர் பேசிய பின் பதின்மூன்றாவதாக டெல்ஃபின் எழுந்தாள். தொழிற்சாலையில் கோழிகளைக் கொக்கியில் மாட்டும் வரிசையில் ஜாரியஸுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். தன் பக்கத்தாரின் முகங்களைப் பாராமல் பேசினாள்.

"நான் வாசலுக்கு வெளிய நின்னுக்கிட்டு இருந்தேன். அந்தக் கார் என்னையப் பாத்து வந்துச்சு. நிக்குமா, நிக்காதான்னு எனக்கெப்படித் தெரியும்? டெபுடி மக்கீ இடிக்கலைன்னா இன்னைக்கு இங்க நான் பேசமாட்டேன், என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பீங்க. ஜாரியஸ் நல்ல பையன். ஆனா எனக்கும் உசுரு ஒண்ணுதான்."

"வித்துட்டியேடி!" என்றாள் ஒருத்தி.

"நீ அங்க நின்னுருந்தாத் தெரியும்!"

வெர்னீஸ் தன் முறைவரை காத்திராமல் எழுந்துவிட்டாள். "உன்னையப் பாத்து வரல, டெல்ஃபின். வருகை அட்டை குத்துற மெஷினைப் பாத்து வந்தான். மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருந்துச்சு. அட்டையக் குத்திட்டுத்தான் கையில விலங்கு வாங்கியிருப்பான் அந்தக் கிறுக்கன்."

சிலர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். டெல்ஃபின் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, ஒரு கேள்வி," என்றார் கேப்டன். "அவர் நிறுத்தத்தான் வந்தார்ங்கிறதுக்கு ஏதாவது சாட்சி இருக்கா? பிரேக் விளக்கு எரியவே இல்லைன்னு என் ஆளு எழுதிக் குடுத்திருக்காரு."

வெர்னீஸ் உட்கார்ந்தாள். காவலர் பக்கத்தில் கைதட்டினார்கள்.

"பதினாலு. ஓடெல் பிராக்ஸ்டன்," என்று தலைவர் படித்தார்.

ஓடெல் எழுந்தார். கிளெட்டஸ் தலையைத் திருப்பாமலே, உதடு அசையாதவர்போல் மெல்லச் சொன்னார்: "வண்டி இழுக்க ஷெரீப் கூப்பிடுற பட்டியல்ல மூணு கம்பெனி இருக்கு, ஓடெல். நாளைக்கு அது ரெண்டாயிரும். நம்ம கொட்டகையில உன்னையும் சேத்து ஒம்பது குடும்பம்."

தொப்பி ஓடெலின் கையில் இருந்தது. அதன் விளிம்பை ஒருமுறை சுற்றித் தடவினார். "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா," என்று அமர்ந்தார்.

"அப்புறம் எதுக்குய்யா பேரெழுதின? கையெழுத்துப் பழகவா?" என்று யாரோ கேட்டார்கள். இரு பக்கத்தாரும் சேர்ந்து சிரித்தது அந்த மாலையில் அந்த ஒருமுறைதான். வெர்னீஸ் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். முடிவு ஏதும் எடுக்காமல் கூட்டத்தை அடுத்த திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

புதன்கிழமை காலை கிளெட்டஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பச்சைக் காரை இனி வைத்திருக்க வேண்டியதில்லை என ஷெரீப் அலுவலகம் எழுதியிருந்தது.

"ஏத்திக்கிட்டுப் போய் நசுக்குற ஆலையில விட்டுட்டு வா. மத்தியானத்துக்குள்ள."

"வெர்னீஸோட வக்கீல் வண்டியப் பாக்கணும்னு கேட்டிருக்காருன்னு சொன்னாங்க."

"கேட்டிருக்காரு. கோர்ட்டுத் தாள் இன்னும் வரல. இந்தத் தாள் வந்திருக்கு."

ஓடெல் கொட்டகையின் பின்புறம் சென்றார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு காரைச் சுற்றினார். வலப்பக்கப் பின்விளக்கு கீறலின்றிச் சிவப்பாக இருந்தது. இடப்பக்கத்தில் விளக்கே இல்லை. பல்பும், அதைத் தாங்கிய கூடும், கறுப்புச் சாயம் அப்பிய விளிம்பும் போய்விட்டிருந்தன. அந்தக் குழிக்குள் நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை விபத்தில் அறுந்த கம்பிகள் அல்ல. கத்தரியால் நேராக வெட்டப்பட்டவை. முனைகளில் செம்பு புதிதாக மின்னியது.

அவர் ஒரு கம்பியின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பியபோது கிளெட்டஸ் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இதப் பத்தி உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்," என்றார் ஓடெல்.

"நேத்து மக்கீ வந்தான். வண்டியச் சோதிக்கணும்னான். போலீஸ்காரன் வந்து கேட்டா நான் என்ன, குறுக்க படுக்கணுமா?"

"எதைச் சோதிக்கணும்னு அவனுக்கு யார் சொன்னது?"

கிளெட்டஸின் முகம் சிவந்தது. "எங்கிட்டயே கேள்வி கேக்குறியா? திங்கக்கிழமை உன் பேரைப் படிச்சாங்கள்ல? அப்பப் பல்பு இருந்துச்சு. நீதானே உக்காந்த? நானா உன் தோளப் பிடிச்சு அமுக்கினேன்?"

ஓடெல் வெட்டிய கம்பிகளின் பக்கம் திரும்பினார்.

"இப்ப உன் கையில என்ன இருக்கு? வெறும் வாய்வார்த்தை. அதைக் கேட்டுட்டு அந்தக் கேப்டன் உன்னைய உரிச்சுத் தொங்கவிடுவான். பேசாம ஏத்து."

"நான் ஏத்தமாட்டேன்."

"லீராய் ஏத்துவான். பத்து நிமிஷ வேலை."

"ஏத்தட்டும்."

ஓடெல் சட்டைப் பையிலிருந்து தம் இழுவை வண்டியின் சாவியை எடுத்துப் பச்சைக் காரின் கூரைமேல் வைத்தார். பிறகு துடைப்பத்தை எடுத்தார். விளக்கு வெட்டியெடுக்கப்பட்ட குழியின் கீழே தரையில் சிவப்புச் சில்லுகள் சில உதிர்ந்து கிடந்தன. குனிந்து அவற்றைப் பெருக்கி, ஒன்றுவிடாமல் வாளியில் அள்ளினார். கிளெட்டஸ் சாவியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இன்னோர் ஓட்டுநரான லீராய் தன் இழுவை வண்டியை முடுக்கும் ஒலி கேட்டது.

ஓடெல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை நான் பேசப்போறேன், கிளெட்டஸ்," என்றார்.