தூங்கவைத்த பெட்டி

திரை கறுப்பாகவே இருந்தது. எனெலேசி மவுஸை மேசைமேல் இப்படியும் அப்படியும் தேய்த்தாள். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினாள், பிறகு கையில் பட்டதையெல்லாம் தட்டினாள். மேசைக்கடியில் பெட்டியின் முகத்தில் இருந்த மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. நிம்மதியாகத் தூங்குகிறவர் மூச்சுவிடும் நிதானம் அதில் இருந்தது. அந்த நிதானம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவரின் மூத்த அக்கா மாலிதா போய்ச் சேர்ந்துவிட்டாள், இன்று அடக்கம். சாலையின் இரண்டு பக்கமும் மரக்கிளைகளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கிளையைக் கண்டால் லாரிக்காரன்கூட வேகத்தைக் குறைப்பான், சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான், ஊரில் ஒரு ரேடியோ வாய் திறக்காது. சாவு வீட்டுக்கு மரியாதை தராதவன் செத்தால் குழி வெட்ட ஆள் வராது என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த சட்டம்.

வம்பே அங்கேதான் தொடங்கியது. எனெலேசியின் வேலை ரூவோ ஆற்றைப் பார்த்துக்கொள்வது. பார்த்துக்கொள்வது என்றால் கரையில் போய் நிற்பதல்ல. மேலே முலாஞ்சே மலையடிவாரத்தில், பாலத்தின் தூணில் ஒரு கருவி கட்டியிருக்கிறது. அது தண்ணீர் மட்டத்தை அளந்து இந்தப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். செய்தி வரும்போதெல்லாம் பெட்டி தவளை மாதிரி ஒரு சத்தம் போடும். மட்டம் ஆறு மீட்டரைத் தாண்டினால் இந்த ஆபீஸ் கூரைமேல் இருக்கும் அபாயச் சங்கைப் பெட்டியே ஊதிவிடும். மலையில் பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போதுதான் வந்து சேரும். அதனால் அந்த ஊரில் வானத்தை அண்ணாந்து பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நேற்றுச் சாயங்காலம் ஒப்பாரிக்கு நடுவே பெட்டி விடாமல் கத்தியது. சாவு வீட்டுப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனெலேசியின் கணவன் ஃபானுவேல் உள்ளே வந்தான். மாலிதாவுக்குப் பேரன் முறை. குழி வெட்டுவது பேரன்மார் பொறுப்பு, அவர்களுக்கு அவன்தான் தலைவன்.

"மானத்தை வாங்குது எனெலேசி. கிழவிய வெச்சிக்கிட்டு இது கத்திட்டே இருந்தா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? ஒரு ராத்திரி அது வாயக் கட்டு."

அந்தச் சத்தத்தைக் குறைக்க வழி கிடையாது. பெட்டியை அணைக்கவே கூடாது என்பது பிளான்டயரில் இருந்த தலைமை அலுவலகத்தின் கண்டிப்பான உத்தரவு, அதைக் காகிதத்தில் அச்சடித்து சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். எனெலேசி கெட்டிக்காரி. அணைத்தால்தானே குற்றம், தூங்கவைத்தால்? கைக்குழந்தைக்காரி தூங்கினாலும் காது விழித்திருக்கும் அல்லவா, பெட்டியும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செய்தி வந்தால் எழுந்துகொள்ளும், காலையில் தொட்டால் விழித்துக்கொள்ளும். தூங்கவைத்தாள். பெட்டி அடங்கியதும் பக்கத்து வீட்டுப் பாட்டு தெளிவாகக் கேட்டது. ஃபானுவேல் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

அது அப்படியெல்லாம் காது கொடுத்துத் தூங்கவில்லை என்று இப்போது தெரிந்தது. வந்த செய்தி எதுவும் அதை எழுப்பவில்லை. அவளாலும் எழுப்ப முடியவில்லை.

கீபோர்டின் வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாள். மவுஸையும் அப்படியே மாற்றினாள். மானிட்டரை அணைத்துப் போட்டாள், அதன் பின்னால் இருந்த வயரைத் திருகி இறுக்கினாள். பெட்டியின் முன்பட்டனை மெல்ல ஒருமுறை அழுத்தினாள். உள்ளே விசிறி உறுமியது, அவள் உயிர் திரும்பி வந்தது, உடனே விசிறி அடங்கிவிட்டது. திரையில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

வெளியே பளீரென்று வெயில். ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம்கூட இல்லை. ஆனால் முலாஞ்சே இருக்க வேண்டிய திசையில் மலையைக் காணோம், யாரோ கறுப்புக் கம்பளியால் மூடிய மாதிரி இருந்தது. ஆபீஸ் சுவரில் எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு சாரை சாரையாகக் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தன.

பாலத்துக் காவல்காரருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டாள், மறுபடி அதேதான். அடுத்து, யோசிக்காமல் ஃபானுவேலுக்குப் போட்டாள். போன் அவள் கைப்பைக்குள்ளேயே அடித்தது. குழி வெட்டுகிறவர்கள் போன் கொண்டுபோகக் கூடாது, விடியும்போதே அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கைப்பைக்குள் அது நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவள் கண் ஆற்றுப் பக்கம் போனது.

ஏனென்றால் இடுகாடு ஆற்றோரம்தான். கரையில் ஒரு பழைய தோப்பு, அதுவே இடுகாடு. பேரன்மார் விடிந்ததிலிருந்து அங்கே இருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மொத்த ஊரும் சவத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே இறங்கும்.

போகாதீர்கள் என்று ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம்தான். போன வருஷம் அப்படிச் சொன்னாள். பெட்டிக்குள் ஏதோ கோளாறாகிச் சங்கு ஊதிவிட்டது. ஊரே பாயையும் ஆட்டையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடிக் கொசுக்கடியில் கிடந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதிலிருந்து சந்தையில் அவளுக்குப் பெயரே சங்குக்காரி. இன்று கையில் ஒரு எண் இல்லாமல் தலைவர் வீட்டுச் சவத்தை நிறுத்தினால் அவளை மட்டுமல்ல, ஃபானுவேலையும் ஊர் ஒதுக்கிவிடும்.

பிளான்டயர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் லுசுங்கு. வடக்குப் பையன், எதையும் சிரித்துக்கொண்டே பேசுகிறவன். போனை எடுத்ததும், "என்னக்கா, ஆறு சவுக்கியமா?" என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள். தூங்கவைத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவன் கீபோர்டின் மூலையில் இருக்கும் நம்லாக் பட்டனைத் தட்டச் சொன்னான். பட்டனுக்கு மேலே இருக்கும் குட்டி விளக்கு மாறுகிறதா என்று கேட்டான். அவள் தட்டினாள். மாறவில்லை.

"அப்ப அது தூங்கலக்கா," என்றான் லுசுங்கு. சிரிப்பு போயிருந்தது. "தூங்குற மாதிரி கிடக்கு, அவ்வளவுதான். தூங்குறவன எழுப்பலாம், நடிக்கிறவன எழுப்ப முடியாதும்பாங்களே. உள்ள மயக்கம் போட்டு விழுந்திருச்சு. பட்டன அமுத்திப் புடி, விளக்கு சாகுற வரைக்கும் கைய எடுக்காத. அப்புறம் கரண்டு வயரப் புடுங்கு. வயர் இல்லாம பட்டன இன்னொரு தடவ அமுத்து, உள்ள மிச்சம் இருக்கிற கரண்டு வடியட்டும். பெறகு வயரச் செருகிப் போடு."

"கெட்டுப் போயிட்டா?"

லுசுங்கு பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை.

கெட்டுப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். முன்பொருமுறை யாரோ வயரைப் பிடுங்கி, உள்ளே தகவல் பதியும் தட்டு பழுதாகி, பெட்டி பிளான்டயருக்குப் போய் மழைக்காலம் முழுக்கத் திரும்பவே இல்லை. உத்தரவு சுவருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். இப்போது கெட்டால் எண்ணும் கிடைக்காது, சங்கும் ஊதாது. சங்கின் சாவியே இந்தப் பெட்டிதான். அவள் பட்டன்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள். மெல்ல எழுப்பிவிடலாம் என்ற ஆசையில் மறுபடியும் மவுஸை ஆட்டினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது. அந்த ஆசையில் நல்ல நேரம் போய்விட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், இடுப்பில் துக்கத்துக்குக் கட்டும் துணி. சவத்தைத் தூக்கப் போகிறார்கள், தலைமைப் பேரனுடைய பெண்டாட்டி இங்கே பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம் என்று பெரியவள் கேட்டாள். இதோ வருகிறேன் என்றாள் எனெலேசி. அவர்கள் போனார்கள். பாட்டு வீட்டிலிருந்து சாலைக்கு நகர்ந்தது. ஆண்களின் குரலும் அதில் சேர்ந்துகொண்டது.

அவள் மண்டியிட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தாள். மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது, பிறகு எரியவில்லை. வயரைப் பிடுங்கினாள். வெறும் பெட்டியின் பட்டனை அழுத்தினாள், விசிறி லேசாக ஒருமுறை துடித்து நின்றது. ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வயரைச் செருகிப் போட்டாள்.

திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. தட்டைச் சோதிக்கிறேன் என்றது பெட்டி, அவசரமே இல்லாமல். பாட்டு ஆபீஸைத் தாண்டிப் போனது, கால்களின் புழுதி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எனெலேசிக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல் கோபம் வந்தது. அதன்மேல் அல்ல, தன்மேல்தான்.

ஒருவழியாக நீலத்திரை வந்தது. உடனே பெட்டி கத்தத் தொடங்கியது. இரவெல்லாம் வாசலில் காத்துக் கிடந்த செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே விழுந்தன. சாயங்காலம் இரண்டு மீட்டர். நள்ளிரவில் மூன்றரை. கோழி கூவும் நேரத்துக்கு ஐந்து. பிறகு ஆறு, ஏழு, எட்டே முக்கால். எட்டே முக்காலுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் அடுத்த எண்ணுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாலத்தின் உயரமே ஒன்பது மீட்டர்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. எண் அனுப்ப அங்கே கருவி இல்லை, ஒருவேளை பாலமே இல்லை.

கூரைமேல் சங்கு ஊதியது.

சாலையில் பாட்டு நின்றது. எனெலேசி செருப்பில்லாமல் ஓடினாள். சவப்பெட்டி தோள்களில் இருக்க, ஊரே திரும்பி அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையை ஒரு மனுஷிக்குக் கொடுக்கக் கூடாது. ஒருத்தி, இது போகிற உயிருக்குச் செய்கிற மரியாதையா என்று சபித்தாள். ஒருவன் சங்குக்காரி ஆரம்பிச்சிட்டா என்றான். ஊர்த்தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"போன வருஷம் மாதிரியா?" என்றார்.

"இல்லீங்கப்பா. பாலத்துல எட்டே முக்கால். அது வந்தே நேரமாச்சு. நேத்து நான் மெஷினத் தூங்க வெச்சிட்டேன், அதான் தெரியாமப் போச்சு. வந்துக்கிட்டிருக்கு."

தலைவர் தன் அக்காவின் பெட்டியைப் பார்த்தார், பிறகு காற்றை முகர்ந்தார். வெயில் காய்ந்த சாலையில் பச்சைச் சேற்றின் வாடை வந்துகொண்டிருந்தது. அவர் பெரிய மனிதர்தான், மறுபேச்சுப் பேசவில்லை. சவத்தைப் பள்ளிக்கூட மேட்டுக்குத் திருப்பச் சொன்னார். தோப்பில் இருப்பவர்களுக்கும் சங்கு கேட்கும், அவர்களும் வந்துவிடுவார்கள் என்றார்.

வந்தார்கள். மேட்டில் நின்ற எனெலேசி, சரிவில் மண்வெட்டியோடு ஏறி வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லார் முழங்காலிலும் சிவப்பு மண். முன்னால் வந்தவன் ஜோசாம், ஃபானுவேலின் ஒன்றுவிட்ட தம்பி. அவன் மூச்சு வாங்காமல், ஏதோ விசாரிக்க வந்தவன் போல் நடந்து வந்தான்.

"அண்ணி, இது நெசமா?"

"உங்க அண்ணன் எங்க?"

"குழிகிட்ட. தெறந்த குழிய ஆளில்லாம விட்டா அது தனக்கு ஒரு ஆளத் தேடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? யாராவது ஒருத்தர் உக்காந்துதானே ஆகணும்." அவன் கூரைச் சங்கின் பக்கம் தலையை ஆட்டினான். "அதுவும் இல்லாம, அண்ணன் நம்பவே இல்ல, என்ன சொன்னாரு தெரியுமா? மெஷின நேத்து எங்க வீட்டுக்காரி தூங்க வெச்சிட்டா, நான்தான் சொன்னேன், அது தூங்கிக்கிட்டே எப்படி ஊதும், யாரோ ஒயரப் போட்டு வெளையாடுறான்னு சொன்னாரு. நீங்க போய் அவகிட்ட கேளுங்க, நெசம்னா ஒருத்தன் வந்து சொல்லுங்க, எந்திரிச்சு வந்துடுறேன்னாரு."

எனெலேசி சரிவில் பாய்ந்தாள். ஜோசாமும் இன்னொருவனும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் சத்தம்தான் வந்தது, தூரத்தில் லாரிகள் வரிசையாக வருவது போல. பிறகு சோளக்கொல்லை படுத்தது. கிளை போட்டிருந்த சாலை மறைந்தது, தோப்புக்கு இறங்கும் பாதை மறைந்தது. போய்ச் சொல்ல வழி இல்லை. தோப்பின் உச்சிக் கிளைகள் மட்டும் பழுப்புத் தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

யாரும் அழவில்லை. சவப்பெட்டியைப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுமேல் இறக்கி வைத்தார்கள். பாதி மேட்டில் இருந்த ஆபீஸின் வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்து நின்றுகொண்டது, சங்கு விடாமல் ஊதியது. தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எனெலேசியின் பக்கத்தில் வந்தார். எல்லாரும் மேட்டுக்கு வந்தாச்சு, போதும், போய் அதை நிறுத்தும்மா என்றார்.

"நிறுத்த மாட்டேன்," என்றாள் அவள். "அது முழிச்சிருச்சுன்னு அவருக்குத் தெரியணும்."

அவள் மடியில் ஃபானுவேலின் போனை வைத்துக்கொண்டு தோப்பைப் பார்த்து உட்கார்ந்தாள். சாயங்காலம் ஊருக்கே கரண்டு போகும்வரை சங்கு ஊதிக்கொண்டிருந்தது.