இரண்டாவது ஆள்

மேசைமேல் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த பஞ்சை அப்படியே போட்டுவிட்டு மகள் மாடிப்படியில் ஓடினாள்.

கீழ்த்தளம் முழுக்க அச்சகம். மெஷின் ஓடினால் மாடி வீடே அதிரும். அப்பா சாப்பிடும்போதுகூட இடது கை டம்ளரைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்; விட்டால் அது தானாக நடந்து மேசை விளிம்புக்குப் போய்விடும். கீழே அச்சாவது ஊரின் ஒரே வாரப் பத்திரிகை. குழாயில் தண்ணீர் வராத தெரு, காணாமல் போன மாடு, கடைசிப் பக்கத்தில் ஊரின் பழைய வரலாறு. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர் எல்லாம் அப்பா ஒருவர்தான்.

"நிறுத்துங்கண்ணே! நிறுத்துங்க!"

மெஷின்காரர் பதறிப்போய் சுவிட்சை அணைத்தார். "சும்மா மை பிடிக்குதான்னு பாத்தேன் பாப்பா." அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

வெளியே வந்திருந்த தாளை அவள் உருவினாள். முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம். அதற்குள் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். மேலே, 'நம் ஆசிரியர் காலமானார்.'

தாளின் மை அவள் கட்டைவிரலில் ஒட்டியது. "யார் போடச் சொன்னா?"

"நான்தான்." வாசலில் தம்பி நின்றிருந்தான். "டாக்டர் சாயங்காலம் தாண்டாதுன்னுட்டார்க்கா. நாலு மணி பஸ்ல பேப்பர் கட்டு போயாகணும். இதை விட்டா அடுத்த வாரம். ஊர்ல எவன் வீட்ல இழவு விழுந்தாலும் முதல்ல போட்டவர் அவர். அவர் சாவு மட்டும் ஆறின செய்தியா வரணுமா?"

"மூச்சு இருக்குடா."

"நாலு மணிக்கு இருக்குமா?"

கேட்டுவிட்டு அவனே திடுக்கிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டாக்டரைக் கூட்டிட்டு வரேன்," என்று பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

"முதல் பக்கத்துக்கு முன்னாடி செஞ்ச பழைய பிளேட் இருக்குல்ல?" என்றாள் மகள்.

"இருக்கு. தண்ணித் தொட்டி விரிசல் செய்தி."

"அதை மாட்டுங்க."

"மாட்டிட்டு ஓட்டிடவா?"

தண்ணித் தொட்டியோடு பேப்பர் கிளம்பி, நாலரைக்கு அப்பா போய்விட்டால்? கறுப்புக் கட்டத்தோடு கிளம்பி, அப்பா கண் விழித்துவிட்டால்? "இருங்கண்ணே, சொல்றேன்," என்று படியேறினாள்.

மேலே அப்பாவின் கட்டிலருகே ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வந்து உட்கார்ந்திருந்தார். ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'மறுபிறவி'. எல்லாம் அப்பா செய்த கைங்கரியம். ஆஸ்பத்திரியில் மாஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். காலிக் கட்டிலையும் சுருட்டிய மெத்தையையும் கதவு வழியே பார்த்த அப்பா, நேரே வந்து மரணச் செய்தி எழுதிவிட்டார். பேப்பர் வந்த சில நாளில் மாஸ்டர் நடந்தே ஆபீசுக்கு வந்தார். "செய்தி பிரமாதம். வயசைத்தான் ரெண்டு கூட்டிட்டீரு," என்றார். அன்று ஆரம்பித்த சிநேகிதம்.

அன்று ஆரம்பித்ததுதான் அப்பாவின் சட்டமும். வீட்டாள் ஒருவர், வெளியாள் ஒருவர், இருவரும் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் ஒரு சாவும் அச்சேறாது. போகப்போக அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. மழை பெய்கிறது என்றாலும் "இன்னொருத்தர் யாரு சொன்னா?" என்பார். காலையில் நர்ஸ், "காய்ச்சல் குறைஞ்சிருக்கு," என்றபோதுகூட அரை மயக்கத்தில் அதைத்தான் முனகினார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

மாஸ்டர் குனிந்து அப்பாவின் காதருகே பேசினார். "யோவ், பாலம்தான் முதல்ல. மணிக்கூண்டு பிறகுதான் வந்துச்சு. நீ எழுதினதுதான் சரி. ஒத்துக்கறேன்யா, எழுந்து உக்காரு."

கடைசிப் பக்கத்தில் வருஷக்கணக்காக நடந்த சண்டை அது. அப்பாவின் ஆள்காட்டி விரல் போர்வைமேல் லேசாக அசைந்தது. அசைந்ததா? மகள் மாஸ்டரைப் பார்த்தாள். அவரும் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர்க் கடிகாரம் மூன்றரையை நெருங்கியது. மூச்சு ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. பஸ் நிலையத்திலிருந்து ஏதோ ஹாரன். 'நாலுக்குள்ள...' என்று மனம் ஓடிய திசையை அவளே பிடித்தாள். சீ என்று தன் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்துக்கொண்டாள். மாஸ்டர் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூச்சு ஏறியது. நின்றது.

அவள் காத்திருந்தாள். போர்வை எழும்பவில்லை. மூக்கருகே விரல் வைத்தாள். மார்பில் காது வைத்தாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது.

"அப்பா."

மாஸ்டர் எழுந்து நின்றார்.

படியடியிலிருந்து மெஷின்காரரின் குரல் வந்தது. "பாப்பா... பஸ்ஸுக்கு நேரமாச்சு. எந்த பிளேட்டு?"

அவள் படிமேல் வந்து நின்றாள். "தம்பி போட்டதையே ஓட்டுங்க."

மெஷின்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மேலே ஏறி வர அவருக்குக் கால் வரவில்லை. ஆனாலும் அத்தனை வருஷப் பழக்கம் அவரை விடவில்லை.

"இன்னொருத்தர் யாரு பாப்பா?"

அவள் வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து மாஸ்டர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னார். "நான்."

"நீங்களே பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்." சொல்லிவிட்டு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "எதுக்கும் ஒரு நிமிஷம் இருப்பா. இன்னொரு தரம் பாத்துட்டு வந்துடறேன்."

கட்டில் வரை அவர் மெதுவாக நடந்து போனார். மகள் மேசையருகே போய் நின்றாள். அப்பா குடிக்காத தண்ணீர் அப்படியே இருந்தது, அசையாமல்.

மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஓட்டச் சொல்லும்மா," என்றார்.

தண்ணீர் நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்தபோது, அவள் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.