வஞ்சிரம் பெட்டியின் கடைசிக் கோடு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. ஒரு வஞ்சிரம் பெட்டியுடையது. காரைக்காலில் மீன் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பாலகுரு, நனைந்துபோன பார்கோடு லேபிளை என் கையில் வைத்து, "இதுல ஒரு கதை இருக்கு சார். மெஷினுக்கே தெரியல, ஒங்களுக்குத் தெரியுதா பாருங்க" என்றார்.

தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: செம்பியன் கடலைப் பார்த்தான். கடலும் செம்பி—

(அடித்துவிட்டேன். நாள் முழுக்க லேபிள் அச்சடிப்பவன் கடலை எப்போது பார்ப்பது?)

இரண்டாம் தொடக்கம்: கிடங்கில் லேபிள் அச்சடிப்பவன் செம்பியன். வாசலில் ஸ்கேனர் வைத்து அவற்றைப் படிப்பவள் வினோதினி. ஆவணியில் இருவருக்கும் கல்யாணம். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலைக்கு மனுப் போட்டிருப்பதாக அவள் சொன்னபோது, "ஒன்னப் பாத்தா கப்பலே திரும்பிப் போயிடும்" என்று சிரித்துவைத்தான். ஆறு நாளாகப் பேச்சில்லை. ஏழாம் நாள் காலை அவள் பாலகுருவிடம் சொன்னாள்: "சாயங்காலத்துக்குள்ள அவரு ஒரு வார்த்தை சொல்லலன்னா பத்திரிகை அடிக்க வேணாம்னுடுங்கண்ணே." பாலகுரு அதை அப்படியே செம்பியனிடம் சேர்த்தார்.

3.

மன்னிப்பை வாயால் கேட்க அவனுக்கு வராது, அச்சடிக்கத்தான் வரும்.

அந்தக் கிடங்கில் அடிப்பது கோட் 93 என்ற பார்கோடு வகை. ஓர் எழுத்துக்கு ஒன்பது கட்ட அகலம். அதற்குள் மூன்று கறுப்புக் கோடு, மூன்று வெள்ளை இடைவெளி. தடிமனை மாற்றி மாற்றி வைத்தால் வேறு வேறு எழுத்து. (வெள்ளையும் எழுத்தில் சேர்த்தி. அப்படிப் பார்த்தால் அந்த ஆறு நாளும் ஏதோ சொல்லியிருக்கின்றன.) தமிழ் அதற்குத் தெரியாது. ஆங்கிலச் சின்ன எழுத்து என்றால் ஒன்றுக்கு இரண்டு குறி பிடிக்கும். லேபிளில் இடம் போதாது. ஆகவே பெரிய எழுத்தில், கத்துகிற மாதிரி: MANNICHIDU. பின்னால் சரிபார்க்க இரண்டு காவல் எழுத்து (எந்தக் கல்யாணத்திலும் இவ்வளவு ஜாக்கிரதை கிடையாது). பிறகு முடிவுக் குறி. அதற்கும் பிறகு ஒரே ஒரு மெல்லிய கோடு. அது இல்லையென்றால் கடைசி வெள்ளை எங்கே முடிகிறது என்று மெஷினுக்குப் புரியாது.

அழகாக இருக்கட்டும் என்று செம்பியன் லேபிளின் ஓரத்தைக் கத்தரித்தான். கடைசிக் கோடு கத்தரியோடு போயிற்று. அது தெரியாமல் லேபிளை ஒரு வஞ்சிரம் பெட்டியில் ஒட்டி வாசலுக்கு அனுப்பினான்.

4.

ஸ்கேனர் கத்தவில்லை. வினோதினி வழக்கம்போலப் பெட்டிமேல் மார்க்கரால் ‘படிக்கல’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். வழியில் ஒரு நெத்திலி எங்கிருந்தோ வந்து ‘ப’வின் தோளில் வளைந்து ஒட்டிக்கொண்டது.

செம்பியன் படித்தான்: பிடிக்கல.

(நெத்திலியை வைத்தது நான்தான். பாலகுரு சொன்னதில் அது இல்லை. "எழுத்தாளருன்னா மீனு சும்மா கெடைக்குதோ?" என்றார்.)

5.

முடிவு அ: அவன் வேலையை விட்டு— (வேண்டாம். நாளைக்கு யார் லேபிள் அடிப்பது?)

முடிவு ஆ: பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடினான்.

"பிடிக்கலையா வினோ?"

"என்னாது பிடிக்கல? மெஷினு படிக்கலன்னுதான எழுதுனேன்?" நெத்திலியைச் சுண்டி எறிந்தாள். "அப்புடி என்னத்த அடிச்சு வச்சிருக்கீங்க இதுல?"

செம்பியன் வாயைத் திறந்தான். (இங்கே நான்கு வசனம் எழுதிப் பார்த்தேன். நான்கையும் சொல்ல மறுத்துவிட்டான்.)

அவள் லேபிளை உற்றுப் பார்த்தாள். தினம் நூற்றுக்கணக்கில் பார்க்கிறவள். "கடைசிக் கோட்டக் காணும்" என்று மார்க்கரை நீட்டினாள். "போடுங்க. என்னதான் சொல்லுதுன்னு பாப்போம்."

அவன் மார்க்கரை வாங்கி என்னிடம் நீட்டுகிறான். எனக்கோ எழுதத்தான் வரும், கோடு போட வராது. கோடு ஒரு கட்டத்துக்குமேல் தடித்தால் வம்பு. மார்க்கர் முனையோ மழுங்கல். அதனால் உங்களிடம் தருகிறேன். கொஞ்சம் வெள்ளை விட்டு, நேராக, முனையின் ஓரத்தால் இழுங்கள். கல்யாணம் நடந்தால் எனக்கும் ஒரு இலை உண்டென்று பாலகுரு சொல்லியிருக்கிறார்.

சீக்கிரம். வினோதினி ஸ்கேனரைத் தூக்கிவிட்டாள்.