ஒரு பட்டன்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இருக்கட்டும். ஆனால் உதவித்தொகைக்கு மனுப் போட்ட காக்கை, குஞ்சைத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, அதிகாரி முன்னால் உட்கார வைக்கலாமா? காஜா அக்கா அதைத்தான் செய்தாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

துணிக் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுப்பவள் என்பதால் அந்தப் பெயர். மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து கையும் காலும் சொன்ன பேச்சு கேட்காது, பேச்சும் வராது. புத்தி மட்டும் கத்தி. அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் கீழ்வீட்டு அத்தை பார்த்துக்கொண்டாள். அந்த அத்தை அடுத்த மாதம் மகனோடு போய் இருக்கப்போகிறாள். உதவித்தொகை வந்தால் வேலையை விட்டுவிட்டு மகளோடு இருக்கலாம். வராவிட்டால் மகளுக்கு விடுதிதான். கொழுந்தனார் ஏற்கெனவே இடம் பார்த்து வைத்துவிட்டார். லாரி ஓட்டும் கணவர் அதற்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

முதல் தடவை அதிகாரி வீட்டுக்கே வந்தார். விருந்தாளி வந்தமாதிரி இவள் வீட்டைப் பெருக்கித் துடைத்து, டயப்பர் கட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மகளுக்கு முன்கூட்டியே ஊட்டிவிட்டாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, நல்லா சாப்பிடுவா, நல்லா தூங்குவா, ஒரு தொந்தரவும் இல்லை என்று பெருமையாகச் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும். 'கூடுதல் பராமரிப்பு தேவையில்லை' என்று பதில் வந்தது. பெற்ற பிள்ளையைக் குறை சொன்னால்தான் காசு என்று முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே!

மேல்முறையீட்டுக்கு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல், முகத்தைப் பாவமாக வைத்துக்கொள் என்று கணவர் பாடம் நடத்தினார். "கைதட்டி மட்டும் தொலைச்சிடாத" என்றார். மகள் ஒரு வாய் சிந்தாமல் விழுங்கினால்கூடக் கைதட்டுகிற வீடு அது.

இந்தத் தடவை அதிகாரி ஒரு அம்மாள். கெட்டவளாக இருந்தாலாவது மனசாரத் திட்டலாம். அன்பாகப் பேசி மிட்டாய் வேறு கொடுத்தாள். சட்டைப் பட்டன்களைக் கழற்றிவிட்டு, பாப்பாவே திரும்பப் போடட்டும், அம்மா தொடக்கூடாது என்றாள்.

அப்போதுதான் இவள் மகளின் சட்டையைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் காலையில் எடுத்து மாட்டியது, இவளே காஜாவை அகலமாக்கிப் பெரிய கோட்டுப் பட்டன் தைத்த சட்டை. அதை வைத்துத்தான் மகளுக்கு வருஷக்கணக்காகப் பழக்கம். மகள் ஒரு நாளும் பட்டனைப் போட்டதில்லை. இருந்தாலும் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தினாள்.

மகள் நாக்கைத் துருத்திக்கொண்டு முயன்றாள். எச்சில் காலரில் வழிந்தது. அதிகாரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்றிருந்தது இவளுக்கு.

பட்டன் உள்ளே போய்விட்டது.

பிறந்ததிலிருந்து முதல் தடவை. மகள் நிமிர்ந்து பார்த்தாள், அம்மாவின் முகத்தை அல்ல, கைகளை. கைகள் வெளியே வரவில்லை.

பரவாயில்லையே என்று அதிகாரி பேனாவை எடுத்தாள்.

"மிச்சத்தையும் போடட்டும் மேடம்" என்றாள் இவள்.

அடுத்த பட்டன் நழுவியது. மறுபடி நழுவியது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். போதும், நீங்களே போட்டுவிடுங்கள் என்றாள் அதிகாரி.

"தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எங்க வீட்டுல தினமும் இதுதான். ஒரு நாள் நீங்களும் உட்கார்ந்து பாருங்க."

அதிகாரி பார்த்தாள். மகளின் விரல்கள் நடுங்கி ஓய்கிறவரை பார்த்தாள். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"பாரத்துல, தானே உடுத்துமான்னு கேட்டிருக்கு. ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம்தாம்மா. நான் எதுல போட?"

ஒரு பட்டன் போட்டாள் என்று எழுத இடம் இருக்கிறதா என்று இவள் கேட்டாள். இல்லையாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்; இங்கே பூசாரி கொடுக்க நினைத்தாலும் கட்டம் விடாது.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைன்னு போடுங்க" என்றாள் இவள்.

பேனா கிறுக்கியது. அடுத்த மாதத்திலிருந்து பணம் வரும் என்றாள் அதிகாரி. இவள் நன்றி சொல்லவில்லை. மகள் தலையைக் குனிந்து, அதே கோணல் விரல்களால், போட்ட பட்டனை இழுத்துக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளி வராந்தாவுக்கு வந்து, மகளுக்கு எதிரே மண்டியிட்டு, உள்ளங்கை எரியக் கைதட்டினாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இங்கே சத்தம் போடக்கூடாது என்று காவலாளி ஓடிவந்தார். இவள் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் பலமாகத் தட்டினாள்.